வீட்டுப் பட்டறை: பழைய ஸ்கூட்டருக்குத் தகடும் தாளும்

தனுவச்சபுரத்திற்கு அண்மையில் வாழும் ஓர் அம்மையார், நம் சங்க உறுப்பினர், இப்பகுதிக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கின்றார். அவர்தம் கணவர் நாகர்கோவிலில் பணியாற்றிய நாளில் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று, அவர் மறைந்தபின் ஓராண்டாக வீட்டின் பின்புறச் சாய்ப்பில் தார்ப்பாய் போர்த்தபடி நிற்கின்றதாம். ஆக்ரிக் கடைக்காரர் இரு முறை வந்து விலை பேசிச் சென்றிருக்கின்றார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மகனோ, தானே சரிசெய்துகொள்வதாகக் கூறித் தடுத்து வருகின்றான். "விற்க மனம் வரவில்லை, வைத்திருந்து பயன் உண்டோ என்றும் தெரியவில்லை. தாங்கள்தாம் கூற வேண்டும்" என்று அம்மையார் எழுதுகின்றார்.

இத்தகைய வண்டி நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. பிழைப்பை நாடி எல்லை தாண்டி வந்த தலைமுறை, முதன்முதலில் தன் பெயரில் வாங்கிய பொருள் பெரும்பாலும் ஸ்கூட்டராகவே இருந்தது. ஆதலின் இம்மாதப் பகுதி முழுவதையும் அம்மையாருக்கு விடையாகவே எழுதுகின்றேன்.

விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். வண்டி ஓடவில்லையென்றால் யாவரும் எஞ்சினைப் பற்றியே கவலை கொள்கின்றனர். எஞ்சின் ஓடாதது பெரிய குறையன்று. அதனை வீட்டிலேயே மீட்கலாம். ஒரு பழைய ஸ்கூட்டர் வாழ்வதா, ஆக்ரிக்குப் போவதா என்பதை முடிவு செய்வன இரண்டு: ஒன்று அதன் தகடு, மற்றொன்று அதன் தாள், அதாவது பதிவுச் சான்று. இவ்விரண்டையும் பார்க்காமல் எஞ்சினுக்குச் செலவு செய்வது வீண்.

தகடு ஏன் அத்துணை முக்கியம் என்பதை அறிய இவ்வண்டியின் பிறப்பைச் சிறிது அறிதல் வேண்டும். சேத்தக் நம் நாட்டில் செய்யப்பட்டதேயாயினும் அதன் குலம் இத்தாலியக் குலம். போருக்கு முன் விமானம் செய்துவந்த பியாஜியோ நிறுவனத்தின் பொந்தெதேராத் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்தபின் விமானத்திற்கு வேலையில்லை. மக்களுக்கோ மலிவான ஊர்தி ஒன்று வேண்டியிருந்தது. என்ரிகோ பியாஜியோ அப்பணியைக் கொர்ராதீனோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளரிடம் ஒப்படைத்தார். ஹெலிகாப்டர் அமைப்பில் பெயர் பெற்ற அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது. சங்கிலி எண்ணெய் உடையைக் கெடுக்கின்றது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெருந்தொல்லை என்பன அவர் கண்ட குறைகளுட் சில. ஆகவே எஞ்சினைப் பின்சக்கரத்தோடு ஒட்டிவைத்துச் சங்கிலியையே ஒழித்தார். விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரு பக்கத்துக் கை மட்டுமே தாங்கச் செய்தார். சட்டம் ஒன்று வைத்து அதன்மேல் தகடு போர்த்துவதற்கு மாறாக, அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டையே உடலாகவும் சட்டமாகவும் ஆக்கினார். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டிக்கு வெஸ்பா என்று பெயரிட்டனர். அச்சொல்லுக்கு இத்தாலிய மொழியில் குளவி என்பது பொருள். பின்புறம் பருத்து இடை சிறுத்த அதன் வடிவைக் கண்டோர் பெயர்ப் பொருத்தத்தை மறுக்கார்.

மறு ஆண்டில் மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியில் இன்னொசெந்தி நிறுவனம் லாம்ப்ரெட்டாவை வெளியிட்டது. அந்நிறுவனம் இரும்புக் குழாய் செய்து வளர்ந்தது. அதனால் லாம்ப்ரெட்டாவின் எலும்பும் குழாயாக அமைந்தது. தகடு துருப்பிடித்தாலும் குழாய் நிற்கும். வெஸ்பாக் குலத்தில் அவ்வாறன்று. தகடு போயிற்றென்றால் சட்டமே போயிற்று.

இவ்விரு குலங்களும் நம் நாட்டிற்கு வந்த வரலாறு சுவையானது. பஜாஜ் குழுமத்தார் 1948 முதல் வெஸ்பாவை இறக்குமதி செய்து, பின்னர் உரிமம் பெற்று 1960களின் தொடக்கத்தில் தாமே செய்யத் தொடங்கினர். 1971இல் உரிமம் முடிவுற்றது. மறு ஆண்டில் அவர்கள் வெளியிட்ட வண்டிக்கு ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டினர், அதுவே சேத்தக். லாம்ப்ரெட்டாவைப் பம்பாயில் செய்துவந்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனமோ சென்னைத் தொழிலதிபர் எம். ஏ. சிதம்பரம் அவர்களின் கைக்கு வந்தது. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. இத்தாலியில் லாம்ப்ரெட்டா உற்பத்தி நின்றபோது, அத்தொழிற்சாலையின் இயந்திரங்களையே நம் நடுவண் அரசு விலைக்கு வாங்கி, 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தை அமைத்தது. நான் வைத்திருக்கும் விஜய் சூப்பர் அங்குச் செய்யப்பட்டதே. பிறந்த நாட்டில் மறைந்த வண்டி நம் நாட்டில் மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் பிறந்துகொண்டிருந்தது. இன்றும் ஐரோப்பாவில் லாம்ப்ரெட்டா வைத்திருப்போர் இந்திய உதிரிப் பாகங்களை வரவழைத்துப் பூட்டுகின்றனர்.

நம் ஊருக்கும் இக்குலத்தோடு ஓர் உறவு உண்டு. 1948இல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை மூன்று சக்கரச் சுமை வண்டியாக்கி அதற்குத் தேனீ என்னும் பொருள்படும் ஆப்பே என்ற பெயரை வைத்தது. நம் ஆட்டோ ரிக்‌ஷாவின் மூதாதை அதுவே. பாலராமபுரத்திற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே ஆறாலும்மூட்டில், கேரள அரசு 1978இல் நிறுவிய கேரளா ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை செய்ததும் மூன்று சக்கர வண்டிகளையே.

வரலாறு இங்கு நிற்க. இனித் தகட்டைப் பார்ப்போம்.

நம் பக்கத்தில் ஆண்டுக்கு இரு மழை. இடவப்பாதியும் துலாமழையும் நனைத்த தகட்டில் ஈரம் உலர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகின்றது. தார்ப்பாய் போர்த்திவிட்டோம் என்று நிம்மதி கொள்ளலாகாது. மண்தரையில் நிற்கும் வண்டிக்குத் தார்ப்பாய் கீழிருந்து எழும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மூடியாகும். அம்மையாரின் மகன் முதலில் தார்ப்பாயை நீக்கி, வண்டியைச் சிமெண்டுத் தரைக்கு உருட்டிக் கொணர்ந்து, கால் வைக்கும் தரைத்தகட்டின் மேலுள்ள ரப்பர்ப் பட்டைகளைக் கழற்றுக. துரு ஒளிந்திருக்கும் முதல் இடம் அது. அடுத்து, ஸ்டாண்டு தகட்டோடு சேருமிடம். வண்டியின் பாரம் முழுவதையும் தாங்கும் அவ்விடத்தில் தகடு கிழிந்திருப்பதைப் பல வண்டிகளில் கண்டிருக்கின்றேன். பின்னர்ப் பக்கத்து மூடிகளைக் கழற்றிப் பின்புற ஷாக் அப்சார்பர் மேலே பூட்டப்பட்ட இடத்தைப் பார்த்தல் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் முனையால் கீழிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்று ஒலித்தால் நன்று. பொத்தென்று ஒலித்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அங்கே தகடு இல்லை, வண்ணம் மட்டுமே உள்ளது என்று கொள்க.

உள்ளங்கையளவு ஓட்டை கண்டு அஞ்ச வேண்டா. அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தால் வண்டி உறுதி பெறும். அழுகலின்மேல் பட்டி பூசி வண்ணம் அடித்துக் கொடுப்போரும் உளர். அவ்வண்டி பார்வைக்குப் புதிதாகவும், பள்ளத்தில் இறங்கினால் இரண்டாகவும் ஆகும். டிங்கர் வேலைக்கு விடுமுன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுக. காலி டேங்கில் நிற்கும் ஆவியே தீப்பற்றும். இன்னும் ஒன்று: தகட்டில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணை முன்னரே கண்டுபிடித்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வைத்துக்கொள்க. வேலை செய்பவர் அவ்விடத்தை வெட்டினாலும் பட்டியால் மூடினாலும், பதிவு அலுவலகத்தில் வண்டி உங்களுடையதென்று மெய்ப்பிக்க வழியிராது.

தகடு தேறியதென்றால் எஞ்சினுக்கு வருவோம்.

ஓராண்டு நின்ற எஞ்சினைக் கண்டவுடன் கிக்கரை ஓங்கி மிதிப்பதே பெரும்பாலோர் செய்வது. வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, மீண்டும் நிமிர்த்தி மிதிக்கும் அந்தச் சடங்கை நம் தலைமுறை முழுவதும் தெருவில் கண்டு வளர்ந்தோம். நின்ற வண்டிக்கு அது ஆகாது. பாறசாலையில் பல்லாண்டு ஸ்கூட்டர் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம், "ஆசானே, பிஸ்டன் பிடித்துக் கிடந்தால் என்ன செய்வது?" என்று ஒருமுறை கேட்டேன். "மக்களே, அவசரப்படாதே. பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விடு. ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். காலையில் கையால் மேக்னெட்டைத் திருப்பிப் பார். காலை உபயோகிக்காதே" என்றார். அதற்குமேல் நான் கூற வேண்டுவது யாதுமில்லை. எண்ணெய் ஊறி, ரிங்குகள் இளகி, கையால் தடையின்றிச் சுற்றினால் பாதி வேலை முடிந்தது.

பின்னர்க் கியர் எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கின்றது. சேத்தக்கிற்கு 30ஆம் எண் எண்ணெய் 250 மில்லி போதும். லாம்ப்ரெட்டாக் குலத்திற்கோ 90ஆம் எண் எண்ணெய் ஏறத்தாழ 700 மில்லி வேண்டும். ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்கு ஊற்றலாகாது. பெட்ரோலில் கலக்கும் எண்ணெயும் அவ்வாறே. சேத்தக்கிற்கு லிட்டருக்கு 20 மில்லி. பழைய லாம்ப்ரெட்டாவுக்கு 40 மில்லி. இரு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த எண்ணெயே உள்ளிருக்கும் பேரிங்குகளுக்கு உணவு. சிக்கனம் கருதிக் குறைப்பதும், நல்லதென்று கருதி அள்ளி ஊற்றுவதும் ஒருபோலக் கேடு விளைவிப்பன.

தீப்பொறி வருகின்றதா என்று பார்க்க, பிளக்கைக் கம்பியில் மாட்டிச் சிலிண்டர்த் தலையின்மேல் படுக்கவைத்துக் கிக்கரை மெல்ல மிதித்தல் போதும். அருகில் திறந்த பெட்ரோல் இருத்தல் கூடாது. நீலப் பொறி தெறித்தால் நன்று. இல்லையெனில், பாயிண்டு உள்ள வண்டியாயின், மேக்னெட்டிலுள்ள துளை வழியே பாயிண்டைக் காணலாம். மழைக்காலத்தில் அதன் முகத்தில் படியும் பூப்பை நுண்ணிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி 0.6. பின்னாளில் வந்த சேத்தக்குகளில் பாயிண்டு இல்லை, மின்னணுப் பெட்டி உண்டு. அதில் நாம் துடைக்க யாதுமில்லை. சூடேறியதும் நின்று, அரைமணி கழிந்தபின் ஒன்றும் அறியாதது போல் ஓடும் வண்டியில் கண்டென்சரையோ காயிலையோ ஐயுறுக. மேக்னெட்டைக் கழற்ற வேண்டிவரின் அதற்குரிய புல்லரை வாங்கிக்கொள்க. சுத்தியலால் தட்டிக் கழற்றுவோரிடம் வண்டியைக் கொடுப்பதைவிடக் கழற்றாமல் விடுவதே மேல்.

ஸ்பானர் வாங்குவோர் 11ஆம் எண்ணை மறவாதீர்கள். கடைகளில் விற்கும் சிறு தொகுப்புகளில் 10 இருக்கும், 12 இருக்கும். 11 பல நேரங்களில் இராது. இத்தாலியர் 7 மில்லிமீட்டர் திருகை விரும்பிப் பயன்படுத்தினர். அதன் நட்டுக்கு 11ஆம் எண் ஸ்பானரே பொருந்தும். பஜாஜும் அவ்வழக்கத்தை விடவில்லை. சிலிண்டர்த் தலையின் நட்டே அவ்வளவினது. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகி முனை மழுங்கிய நட்டுகளைப் பழைய வண்டிகளில் காணும்போதெல்லாம் ஓர் 11 ஸ்பானர் இல்லாத குறையே தெரிகின்றது.

ஓடத் தொடங்கிய பின் பிளக்கின் நிறத்தைப் படிக்கப் பழகுதல் வேண்டும். காப்பித்தூள் நிறம் நலத்தைக் காட்டும். நனைந்த கறுப்பு, எண்ணெய் மிகுதியையோ பெட்ரோல் மிகுதியையோ காட்டும். வெளுத்திருந்தால் உடனே நிறுத்துக. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து எஞ்சின் காய்கின்றது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் நாள் தொலைவில் இல்லை. இதற்கு ஒரு காரணம் ஆயில் சீல். மேக்னெட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சி, ஆக்சிலரேட்டரை மூடினாலும் அடங்காமல் ஓடும். கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்தாலோ கியர் எண்ணெயை உறிஞ்சி வெண்புகை கக்கும், தெருவே மறையும். முதலாவது ஆபத்து, இரண்டாவது அவமானம். காற்று வடிகட்டியைக் கழற்றினால் வேகம் கூடும் என்று இளைஞர் சிலர் நம்புகின்றனர். சேத்தக்கில் கிராங்கின் விளிம்பே பெட்ரோல் ஆவி நுழையும் வாயிலைத் திறந்து மூடும் கதவாக அமைந்துள்ளது. மணல் துகள் புகுந்து அவ்விடத்தைக் கீறிவிட்டால் எஞ்சின் கூட்டையே மாற்ற வேண்டிவரும்.

பெட்ரோலைப் பற்றித் தனியே கூற வேண்டியிருக்கின்றது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பு விளைவிப்போர்க்கு வருவாய், இறக்குமதிச் செலவில் மிச்சம் என்பன அதன் நன்மைகள். எனினும் நம் பழைய ஸ்கூட்டர் அதற்கென அமைக்கப்பட்டதன்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நம் ஊர் மழைக்காலத்தில் டேங்கில் நெடுநாள் நின்ற பெட்ரோலிலிருந்து நீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை விளைவிக்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதில் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். வீட்டில் செய்யக்கூடியது இதுவே: பெட்ரோல் குழாயையும் டேப்பின் வாஷர்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுதல், இரு வாரத்திற்குத் தேவையானதை மட்டும் ஊற்றுதல், ஊருக்குச் செல்லுமுன் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துதல். எத்தனாலில் ஆற்றல் குறைவாதலால் பிளக் சற்றே வெளுக்கக்கூடும். அப்போது முதன்மை ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஜெட் அடைத்தால் ஊதித் திறக்க வேண்டுமேயன்றிக் கம்பி விட்டுக் குடையலாகாது.

மாற்றலாகிச் செல்வோர் ஸ்கூட்டரை ரயிலில் பார்சலாக அனுப்பும்போது டேங்கை முற்றிலும் காலி செய்தல் வேண்டும் என்பது ரயில்வே விதி. "ஒரு துளிதானே, சார்" என்று பலர் எம் மேசையின்முன் வாதாடுவர். சாக்கும் வைக்கோலும் சுற்றிய நூறு பொதிகளுக்கு நடுவே அந்த ஒரு துளி என்ன செய்யும் என்பதை எண்ணினால் வாதம் எழாது. டேங்கை வடித்துப் பதிவுச் சான்றின் நகலோடு வருவோர்க்கு ஒரு தடையும் இல்லை.

இனி, இப்பகுதியில் யாவரும் இருமுறை படிக்க வேண்டிய செய்தி. வெஸ்பா, லாம்ப்ரெட்டாக் குலங்களின் சக்கர ரிம் ஒரே துண்டன்று. இரு தட்டுகளை நட்டுகளால் இணைத்தது. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டுகள் வேறு. இரு தட்டுகளைச் சேர்க்கும் நட்டுகள் வேறு. காற்று நிறைந்திருக்கும்போது இரண்டாவது வகை நட்டைத் தளர்த்தினால் தட்டுகள் வெடித்துப் பிரியும். கையோ முகமோ அதன் வழியில் இருக்கும். ஆதலால் டியூபைக் கழற்றுமுன் வால்வின் உள்முள்ளை எடுத்துக் காற்று முற்றும் போயிற்று என்று கையால் அழுத்தி உறுதி செய்துகொண்ட பின்னரே ஸ்பானரை வைக்க வேண்டும். மகனுக்கு அம்மையார் வேறெதையும் கூறாவிடினும் இதனைக் கூறிவிடுக. நின்ற வண்டியின் டயர்களில் ரேகை ரேகையாக வெடிப்பிருந்தால், பூ அழியாதிருந்தாலும் மாற்றவே வேண்டும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்த்தலும் ஆகாது.

தாளைப் பற்றி: தனி வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்கு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல் வேண்டும். அம்மையாரின் வண்டி தமிழ்நாட்டு எண் கொண்டது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் அங்குப் புதிய எண் பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. களியக்காவிளைப் பாலத்தருகே அக்கரையில் கடையும் இக்கரையில் வீடுமாக வாழும் நம்மவர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் இருபுறமும் போய்வரும் வாழ்க்கையில் வண்டி எங்கே "வைக்கப்பட்டுள்ளது" என்று சொல்வதும் எளிதன்று. 1956 நவம்பர் முதல் நாளில் வரைந்த கோடு, விளவங்கோடு வட்டத்தை அப்பாலும் நெய்யாற்றின்கரை வட்டத்தை இப்பாலும் வைத்தது. உறவுகளை அது கேட்டுப் பிரிக்கவில்லை. ஆயினும் விபத்து என்று ஒன்று நேர்ந்து, வழக்கு மன்றத்தில் தாளைக் காட்டச் சொன்னால் இந்த விளக்கமெல்லாம் உதவாது. சான்று காலாவதியான வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு. இழப்பீட்டுச் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

உரிமையாளர் மறைந்தால், அவர் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்து, மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். துயரத்தில் இருக்கும் எந்த வீட்டிலும் இது நினைவுக்கு வருவதில்லை. காலம் கடந்திருந்தாலும் தாமதத் தொகை செலுத்தி மாற்றிக்கொள்ள வழி உண்டு. அம்மையார் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு முதலில் நாகர்கோவில் அலுவலகத்திற்குச் சென்று, வரி நிலுவையோ வழக்கோ உளதா என்று கேட்டறிக. பெயர் மாற்றம், புதுப்பித்தல், தடையில்லாச் சான்று ஆகியவற்றுள் எது முன், எது பின் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்க. தடையில்லாச் சான்று கிடைத்தபின் பாறசாலை அலுவலகத்தில் கே.எல். 19 வரிசையில் எண் பெறலாம். நெய்யாற்றின்கரை அலுவலகத்தின் எல்லைக்குள் இருப்போர்க்கு 20 வரிசை.  வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்குமாதலால், விளக்கு, ஹாரன், பிரேக் மூன்றும் முன்னரே ஒழுங்காக இருத்தல் வேண்டும்.

"பழம்பொருள் வண்டி என்று பதிந்துகொள்ளலாமே" என்று அண்மையில் ஒருவர் என்னைக் கேட்டார். 2021இல் வந்த விதிப்படி அதற்கு 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். அவ்வாறு பதிந்த வண்டியை அணிவகுப்பிற்கும் கண்காட்சிக்கும் பழுது பார்க்கவும் எடுத்துச் செல்லலாமேயன்றி, நாளும் சந்தைக்கு ஓட்டிச் செல்ல முடியாது. குடும்பத்திற்கு உழைக்க வேண்டிய வண்டிக்குச் சாதாரணப் புதுப்பித்தலே உரியது.

மகனைப் பற்றியும் ஒரு சொல். கியருள்ள ஸ்கூட்டரை ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அதுவரை அவன் கையில் ஸ்பானர் இருக்கட்டும், ஹாண்டில் வேண்டா. சிறுவன் ஓட்டி விபத்து நேர்ந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வண்டி உரிமையாளரும் பெற்றோரும் தண்டனைக்கு உரியவராவர்.

இத்தனை பாடுபட்டு மீட்ட வண்டியால் கிடைக்கும் பயன் என்ன என்று கேட்பீர்கள். புதிய வண்டி பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கும். பொத்தானை அழுத்தினால் ஓடும். இரு ஸ்ட்ரோக் எஞ்சினோ பெட்ரோல் ஆவியில் ஒரு பகுதியை எரிக்காமலே புகையோடு வெளியே விடுவது; நிறுவனங்கள் அதனைக் கைவிட்டதற்கும் அதுவே காரணம். ஆதலால் நாள் முழுதும் ஓட்டும் தொழிலுக்கு இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்மையாருக்குக் களியக்காவிளைச் சந்தைக்கும் தனுவச்சபுரம் நிலையத்திற்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும். மகனுக்குக் கைத்தொழில் ஒன்று பழக வேண்டும். அவ்விரண்டிற்கும் இது போதும். கார்புரேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு துளையும் எதற்கென்று அறிந்து மீண்டும் பூட்டி, கிக்கரின் மூன்றாம் மிதியில் எஞ்சின் உயிர்த்தெழும்போது பதினேழு வயதுப் பையன் முகத்தில் தோன்றும் ஒளியை எந்த ஷோரூமிலும் வாங்க முடியாது.

ஓட்டுவதிலும் தனி இன்பம் உண்டு. ஞாயிறு காலையில், போக்குவரத்து மிகுமுன், உதியன்குளங்கரை கடந்து அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தின்மேல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாருங்கள். இடக்கையால் கிளட்சை அழுத்திப் பிடியைத் திருகும்போது கியர் விழுவதைக் கை உணரும். அருவிப்புறத்துக்கு ஆற்றோரமாகத் திரும்பலாம். அல்லது எல்லை தாண்டித் தக்கலை வழியே பத்மநாபபுரம் அரண்மனை வரை செல்லலாம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், காப்பது கேரள அரசு. இரு மாநிலத்து எண் பலகையும் அங்கு அருகருகே நிற்கும். அத்தொலைவுக்குச் செல்வோர் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், 11 ஸ்பானர், கலவை எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றை டிக்கியில் வைத்துக்கொள்க. இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

கிளட்ச் கேபிளையும் இரு கியர் கேபிள்களையும் வழியோரத்தில் மாற்றும் முறையை அடுத்த இதழில் படத்துடன் எழுதுவேன். லாம்ப்ரெட்டா வைத்திருப்போர், தங்கள் வண்டியின் ஆண்டையும் மாதிரியையும் குறித்துச் சங்க முகவரிக்கு எழுதினால், அவர்களுக்குரிய அளவுகளையும் சேர்த்துத் தருவேன்.